பேஸ் பாக்ஸ எங்க வைக்கிறது?

பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பிக்கிற பசங்க என்கிட்ட முதல்ல கேக்குறது எப்பவும் ஒண்ணுதான், "அண்ணே, எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்?" ஸ்பீக்கர் இருக்குற பாக்ஸைப் பத்தி யாரும் வாயே திறக்குறதில்ல. ஆம்ப்ல நாப் இருக்கு, லைட் எரியுது, கம்பெனி பேரு மின்னுது, பாக்ஸ்ல என்ன இருக்கு, கருப்பு கார்ப்பெட் ஒட்டுன மரப்பொட்டி, முன்னாடி கம்பிவலை, பின்னாடி சொருகுறதுக்கு ரெண்டு ஓட்டை, அவ்ளோதான். ஆனா கடைசியில காதுக்கு வந்து சேர்ற சத்தம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் அந்தப் பொட்டியும் அது நிக்கிற இடமும்தான், வாட்ஸ் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வரும். நான் மதுரைப் பக்கம் லைட் மியூசிக், கல்யாண மண்டபம், ஞாயித்துக்கிழமையானா சர்ச்னு கலந்துகட்டி வாசிக்கிறவன், அதனால இங்க எழுதுறது எல்லாம் அந்த மாதிரி இடங்களுக்குத்தான் பொருந்தும். ஸ்டேடியத்துல வாசிக்கிறவங்களுக்குப் பொட்டி தூக்க, வைக்க, வயர் சொருக எல்லாத்துக்கும் தனித்தனி ஆள் இருப்பாங்க, அவங்க இதைப் படிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

முதல்ல இந்தப் பொட்டி செய்யுற வேலை எவ்ளோ கஷ்டமானதுன்னு பாத்துருவோம். நாலு கம்பி பேஸ்ல தடிச்ச ஈ கம்பியை சும்மா தட்டுனா 41 ஹெர்ட்ஸ், அஞ்சு கம்பி பேஸ்ல இன்னும் கீழ இருக்குற பி கம்பி 31 ஹெர்ட்ஸ் கிட்ட. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல, அதாவது நம்ம வீட்டு ஹாலை விட அலை பெருசு. அவ்ளோ பெரிய அலையைக் கிளப்பணும்னா நிறைய காத்தைத் தள்ளணும், காத்தைத் தள்ள பெரிய கோன் (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு) வேணும், இல்லனா இருக்குற கோன் ரொம்ப தூரம் முன்னும் பின்னும் ஓடணும், கூடவே பொட்டிக்குள்ள இடமும் வேணும். ஸ்பீக்கர் டிசைன் பண்றவங்க மத்தியில ஹாஃப்மன் விதின்னு ஒண்ணு சொல்வாங்க, அமெரிக்காவுல கேஎல்எச்னு ஒரு ஸ்பீக்கர் கம்பெனி இருந்துச்சு, அதுல எச் இந்த ஆன்டன் ஹாஃப்மன்தான். பொட்டி சின்னதா இருக்கணும், கீழ வரைக்கும் இறங்கணும், கொஞ்ச பவர்லயே சத்தமா கேக்கணும், இந்த மூணுல ஏதாவது ரெண்டுதான் உனக்குக் கிடைக்கும், மூணும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது. கடைக்காரர் மூணும் இருக்குன்னு சத்தியம் பண்ணா சிரிச்சிட்டு வெளிய வந்துருங்க.

இப்ப வாட்ஸ் கணக்கு. பவரை ரெண்டு மடங்காக்குனா கிடைக்கிறது 3 டெசிபல்தான், காதுக்கு அது "கொஞ்சம் ஏறியிருக்கோ?" அளவுதான். ரெண்டு மடங்கு சத்தமா ஆன மாதிரி தோணணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதுக்குப் பவர் பத்து மடங்கு. அதனால 300 வாட்ஸ் ஆம்பைக் குடுத்துட்டு 500 வாட்ஸ் வாங்குறவன் காசு குடுத்து வாங்குறது ரெண்டேகால் டெசிபல், அதை அவன் டிரம்மர்கூட கண்டுபிடிக்க மாட்டான். அதே நேரம் பாக்ஸோட ஸ்பெக் தாள்ல சென்சிடிவிட்டின்னு ஒரு வரி இருக்கும், ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எத்தனை டெசிபல்னு. ஒரு பாக்ஸ் 97, இன்னொண்ணு 100னா அந்த ரெண்டாவது பாக்ஸ் உங்க ஆம்பை சும்மாவே ரெண்டு மடங்காக்கிக் குடுக்குது. இந்த வரியை யாருமே படிக்கிறதில்ல, எல்லாரும் பக்கத்துல 800 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கிறதைத்தான் பாக்குறாங்க, அது பாக்ஸ் எவ்ளோ தாங்கும்ங்கிற கணக்கு, எவ்ளோ சத்தம் போடும்ங்கிற கணக்கு இல்ல.

இதே கணக்குலதான் பேஸ் நாபோட ஆபத்தும் இருக்கு. ஆம்ப்ல பேஸ் நாபை கடைசி வரைக்கும் திருப்புனா பல ஆம்ப்ல 12 டெசிபல், சிலதுல அதுக்கும் மேல ஏறும். 12 டெசிபல்னா பவர் 16 மடங்கு. 20 வாட்ஸ்ல நிம்மதியா ஓடிட்டிருந்த அடி நோட்டுக்கு இப்ப 320 வாட்ஸ் வேணும், ஆம்ப் குடுக்கத் தயாரா இருந்தாலும் கோன் அவ்ளோ தூரம் ஓட முடியாம "புர்ர்"னு கிழிஞ்ச பனை ஓலை மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கப்புறமும் நாபைத் தொடாம வாசிச்சீங்கன்னா ஸ்பீக்கர் கடைக்குத்தான் போகணும்.

பேஸ் பாக்ஸ்னாலே எல்லாருக்கும் கண்ணுல வர்றது ஆம்பெக் கம்பெனியோட, பத்து இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு வச்ச ஆளுயரப் பொட்டி, அதை ஃப்ரிட்ஜுன்னுதான் கூப்பிடுவாங்க. 1969ல எஸ்விடின்னு 300 வாட்ஸ் வால்வு ஆம்ப் வந்தப்ப கூடவே வந்தது அது, ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷ அமெரிக்க டூர்ல ஆம்பெக் சாமானோடதான் மேடை ஏறுனாங்க, அதுக்கப்புறம் ராக் மேடைன்னா பின்னாடி ஃப்ரிட்ஜ் நிக்கணும்னு ஒரு வழக்கமே ஆயிருச்சு. அதோட பின்னாடி வந்த 810ஈ மாடல் கிட்டத்தட்ட 64 கிலோ. இப்ப ஒரு விஷயம் சொல்றேன், அந்த பாக்ஸோட ஸ்பெக் தாளை எடுத்துப் பாத்தா 58 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் இறங்கிருது, 40 ஹெர்ட்ஸ் வர்றதுக்குள்ள 10 டெசிபல் போயிருது. அதாவது உலகத்துலயே பேரெடுத்த பேஸ் பாக்ஸ், பேஸோட கடைசி கம்பியை முழுசா வாசிக்கிறதே இல்ல! அப்புறம் எப்படி நெஞ்சுல வந்து குத்துதுன்னா, நம்ம காதுக்கு ஒரு குணம் இருக்கு, 41 ஹெர்ட்ஸ் நோட்டுல 82, 123னு மேல வர்ற அடுக்கு தெளிவா கேட்டுச்சுன்னா அடியில இருக்குற 41ஐ மூளையே போட்டு நிரப்பிக்கும். சின்ன போன் ஸ்பீக்கர்ல பாட்டு கேட்டாலும் பேஸ் லைன் என்ன வாசிக்கிறாங்கன்னு நமக்குப் புரியுதே, அதுக்கும் இதுதான் காரணம். அந்த ஃப்ரிட்ஜ் சீல் பண்ண பொட்டி, காத்துப்போக ஓட்டை கிடையாது, அதனால நோட்டு டக்குனு நிக்கும், மிட் (நடு ஸ்வரம்) முன்னாடி வந்து நிக்கும், அதுதான் அதோட சக்தி.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு சாமான் இருக்கு, அக்கூஸ்டிக் கம்பெனியோட 360. 18 இஞ்ச் ஸ்பீக்கரை உள்நோக்கித் திருப்பி வச்சு, சத்தத்தை மடிச்சு மடிச்சு ஹார்ன் வழியா வெளிய அனுப்புற பொட்டி, பேரெடுத்த பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசிச்சது இதுலதான். இந்த மாதிரி மடிச்ச ஹார்ன் பொட்டிக்குப் பக்கத்துல நின்னு வாசிக்கிறவனுக்கு சுமாராத்தான் கேக்கும், தள்ளி நிக்கிறவனுக்கு சுவரே அதிரும். அந்தக் காலத்துல பிஏ சிஸ்டம்ல, அதாவது கூட்டத்துக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர்ல, பேஸை ஏத்துற வழக்கம் பெருசா இல்ல, மேடைல இருக்குற பொட்டியேதான் கடைசி வரிசை வரைக்கும் தள்ளணும், அதனால அப்படி ஒரு டிசைன். இன்னிக்கு நம்ம நிலைமை தலைகீழ், மண்டபத்துல சவுண்ட் சர்வீஸ்காரர் 18 இஞ்ச் சப் (சப்வூஃபர்) நாலு கொண்டாந்து அடுக்கிருவார், கூட்டத்துக்குக் கேக்குறது அதுதான். நம்ம பாக்ஸ் யாருக்குக் கேக்கணும்னா நமக்கும், டிரம்மருக்கும், முடிஞ்சா கீபோர்டு வாசிக்கிறவருக்கும், அவ்ளோதான். இது மண்டைல ஏறிருச்சுன்னா என்ன வாங்கணும், எங்க வைக்கணும்ங்கிற குழப்பம் பாதி தீர்ந்துரும், ஏன்னா அஞ்சடி தூரத்துல நிக்கிற ரெண்டு மூணு பேருக்காக யாரும் 64 கிலோவை குட்டி யானைல ஏத்தி, லிஃப்ட் இல்லாத மண்டபத்துல மாடிப்படி ஏத்த வேணாம்.

அதனால என் ஓட்டு ஒரு நல்ல டூ டென் (பத்து இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு) இல்லனா ஒன் ட்வெல்வுக்குத்தான் (பன்னெண்டு இஞ்ச் ஒண்ணு). நியோடிமியம் காந்தம் வந்ததுக்கப்புறம் டூ டென் பாக்ஸ் 15, 20 கிலோவுலயே கிடைக்குது, ஒரு கையில பாக்ஸ், இன்னொரு கையில கிட்டார் பை, முதுகுப் பைக்குள்ள கிளாஸ் டி ஹெட் (பாக்ஸ் இல்லாத, எடை கம்மியான தனி ஆம்ப்), ஒரே நடையில முடிஞ்சிரும். பதினஞ்சு இஞ்ச் போட்டாத்தான் அடி பேஸ் வரும், பத்து இஞ்ச்ல பஞ்ச் மட்டும்தான் வரும்னு ஒரு பேச்சு ரொம்ப வருஷமா ஓடுது, அது அப்படியே எடுத்துக்கிற விஷயம் இல்ல. நெவில் தீல்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 1961லயே, அப்புறம் எழுபதுகள்ல ரிச்சர்ட் ஸ்மால், இவங்க ரெண்டு பேரும் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க, ஸ்பீக்கரோட தன்மை, பொட்டியோட கொள்ளளவு, போர்ட் (காத்துப்போக வச்ச துளை) எந்த ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணியிருக்கு, இது மூணும் சேர்ந்துதான் எவ்ளோ கீழ போகும்னு சொல்லும். சின்னப் பொட்டிக்குள்ள திணிச்ச பதினஞ்சை விட நல்லா கட்டுன ரெண்டு பத்து இஞ்ச் கீழ இறங்கும், பரப்பளவுலயும் அது ஒரு பதினஞ்சை விட கொஞ்சம்தான் கம்மி. ஃபெண்டர் 1951ல பிரிசிஷன் பேஸ் கொண்டாந்து, அடுத்த வருஷம் அதுக்குன்னு பாஸ்மேன் ஆம்ப் போட்டப்ப அதுல இருந்தது ஒரே ஒரு பதினஞ்சு இஞ்ச், ரெண்டு மூணு வருஷத்துல அவங்களே பத்து இஞ்ச் நாலுக்கு மாறிட்டாங்க. பேஸ்காரனுக்குன்னு செஞ்ச அந்த ஆம்பை லீட் கிட்டார்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்கங்கிறது தனிக் கதை, நமக்குன்னு ஒண்ணு வந்தா அதையும் விட மாட்டாங்க.

போர்ட் வச்ச பாக்ஸா, சீல் பண்ணதாங்கிறதுல ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். போர்ட் பாக்ஸ்ல அந்தத் துளைக்குள்ள இருக்குற காத்து, ட்யூன் பண்ண ஹெர்ட்ஸ் கிட்ட கோனுக்கு பதிலா தானே வேலை செய்யும், அதனால அந்த இடத்துல சத்தம் நல்லா வரும், கோனும் அலட்டிக்காது. அதுக்குக் கீழ போனா காத்தோட பிடி விட்டுரும், கோன் தடுப்பே இல்லாம வெளியயும் உள்ளயும் பாயும், சத்தமும் வராது. அஞ்சு கம்பி பேஸ் வச்சிருக்கிறவங்க, ஒரு ஸ்தாயி கீழ சேத்துக் குடுக்குற ஆக்டேவர் பெடல் மிதிக்கிறவங்க இதை கவனிச்சே ஆகணும். வச்ச அளவுக்குக் கீழ இருக்குறதை வெட்டி விடுற ஒரு ஹை பாஸ் ஃபில்டர் பெடலை 35, 40 ஹெர்ட்ஸ்ல வச்சு விட்டா காதுக்கு எதுவும் குறைஞ்ச மாதிரி தெரியாது, ஆனா ஆம்ப், ஸ்பீக்கர் ரெண்டுக்கும் மூச்சு வந்துரும். சில ஹெட்ல இது உள்ளயே இருக்கு.

சரி, வைக்கிற விஷயத்துக்கு வருவோம், வீட்ல இருந்தே ஆரம்பிக்கலாம். நம்ம ஊர்ல பத்துக்குப் பன்னெண்டு ரூம்தான் சகஜம், ரூஃபும் பத்து அடி. இந்த ரூம்ல பாக்ஸை வச்சு ஈ கம்பில சும்மா தட்டுறதுல இருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டா நிதானமா, ஒரே பலத்துல ஏறிப் பாருங்க. ரெண்டாவது, மூணாவது ஃப்ரெட் கிட்ட ஒரு வீக்கம் வரும், அப்புறம் அஞ்சு, ஆறு கிட்ட இன்னும் பெரிய வீக்கம், பீரோ கதவு கடகடன்னு ஆடும், மேல வச்சிருக்கிற பித்தளைக் குடம் பாட ஆரம்பிச்சிரும். பொட்டி மேலயோ பேஸ் மேலயோ தப்பே இல்ல. ரெண்டு சுவருக்கு நடுவுல அரை அலை சரியா உக்காந்துச்சுன்னா அந்த நோட்டு ஊதிப் போகும், பன்னெண்டு அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு 57 ஹெர்ட்ஸ், அகலமும் உயரமும் ரெண்டுமே பத்துங்கிறதால 57ல மட்டும் ரெண்டு அடி விழுது, அதான் அஞ்சாவது ஆறாவது ஃப்ரெட் கொட்டம். அதே ரூம்ல நட்ட நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தா அதே நோட்டு காணாமப் போயிரும், சுவர்ல சாஞ்சு உக்காந்தா மண்டைக்குள்ள கேக்கும். இது தெரியாம ஈக்யூல (ஆம்ப்ல இருக்குற டோன் நாப்ல) பேஸைக் குறைச்சு, ஏத்தி, திரும்பக் குறைச்சுன்னு ராத்திரி பூரா உருட்டுறவங்க இருக்காங்க. பாக்ஸை மூலைல இருந்து வெளிய எடுங்க, ஏன்னா மூலைல வச்சா எல்லாத் திசை வீக்கமும் ஒண்ணா கிளம்பும், நீங்களும் நடுவுல இருந்து கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பாதி சரியாயிரும். மீதி பாதிக்கு மெத்தை, துணி அடுக்குன அலமாரின்னு சொல்வாங்க, அது எதிரொலியைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை எல்லாம் ஒண்ணும் பண்ணாது.

வீட்ல செட் பண்ண டோனை அப்படியே கச்சேரிக்குக் கொண்டு போகாதீங்கன்னும் சேத்துச் சொல்லிக்கிறேன். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே அளந்து சொல்லிட்டாங்க, சத்தம் கம்மியா இருக்குறப்ப நம்ம காதுக்கு அடி ஸ்வரம் சரியா எட்டாது. வீட்ல அப்பா தூங்குறாருன்னு மெதுவா வச்சு வாசிக்கிறப்ப பேஸ் பத்தலைன்னு ஏத்தி, மிட் உறுத்துதுன்னு குறைச்சு வச்சிருப்பீங்க, அதே செட்டிங்கை மண்டபத்துல சத்தமா வச்சா பேஸ் பொதபொதன்னு இருக்கும், என்ன நோட்டுன்னே தெரியாது. மேடைல உங்களை மத்த வாத்தியத்துல இருந்து பிரிச்சுக் காட்டுறது மிட்தான். தனியா வாசிச்சா அசிங்கமா தெரியுற டோன் பேண்டோட சேர்ந்தா அழகா உக்காரும், பழகுற வரைக்கும் நம்ப முடியாது.

இனி மேடை. கல்யாண மண்டபத்துல சிமெண்ட் மேடைன்னா தொல்லை கம்மி, கோயில் திருவிழாவுக்கு சவுக்குக் கம்பு கட்டி மேல பலகை போட்ட மேடை இருக்கே, அதுதான் சோதனை. கீழ வெத்திடம், மேல பலகை, மொத்த மேடையும் ஒரு பெரிய மத்தளம், பாக்ஸை அது மேல நேரா வச்சா பாக்ஸ் வாசிக்கிறது ஒண்ணு, மேடை வாசிக்கிறது ஒண்ணு. கிக் டிரம் மைக் அதை இழுக்கும், தபேலா மைக்கும் இழுக்கும், தபேலாவுல அடி சத்தம் குடுக்குற பாயாவும் பேஸும் ஒரே குட்டைல விழுந்து எது எதுன்னு தெரியாமப் போயிரும், வரவேற்புக்கு ஏத்தி வச்ச குத்துவிளக்கு வேற தனியா கிணுகிணுக்கும். நம்ம ஆளுங்க அடில ஜமுக்காளத்தை மடிச்சுப் போடுவாங்க, அது பாக்ஸ் நகராம இருக்க உதவும், அதிர்வை நிறுத்தாது. நாலு இஞ்ச் கெட்டி ஃபோம் துண்டு, மெத்தைக் கடைல கேட்டா வெட்டிக் குடுப்பாங்க, அது மேல ஒரு பலகை, அது மேல பாக்ஸ், வித்தியாசம் உடனே தெரியும். இல்லனா ஃப்ளைட் கேஸ் மேல தூக்கி வைங்க.

தூக்கி வைக்கிறதுல இன்னொரு லாபம் இருக்கு. டூ டென்னை கீழ தரைல வச்சா அது நம்ம முழங்காலுக்குத்தான் வாசிக்கும், மிட்டும் மேல் ஸ்வரமும் நேர்க்கோட்டுல போற சாமான், காதுக்கு வந்து சேராது. நமக்குக் கேக்கலைன்னு வால்யூமை ஏத்துவோம், பத்தடி தள்ளி முன்வரிசைல உக்காந்திருக்கிற மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு அது நேரா மூஞ்சில அடிக்கும், அவர் எந்திரிச்சு வந்து கையைக் காட்டுவார். இடுப்பு உயரத்துக்கு ஏத்துனாலோ, முன்பக்கம் அடில ஒரு கட்டை கொடுத்து லேசா வானம் பாக்க சாய்ச்சு வச்சாலோ பாதி வால்யூம்லயே நமக்கு எல்லாம் கேக்கும். தரைல இருந்து தூக்குனா அடி பேஸ் கொஞ்சம் குறையும்தான், தரை ஒரு பக்கமா ஒத்தாசை பண்றது போயிருது, ஆனா அதை சப் பாத்துக்கும்.

பின் சுவர் விஷயத்தையும் விட்டுராதீங்க. பேஸ் சத்தம் முன்னாடி மட்டும் போறதில்ல, பாக்ஸைச் சுத்தி பின்னாடியும் போய் சுவர்ல பட்டுத் திரும்பி வரும், வந்து முன்னாடி போற சத்தத்தோட எதிரும் புதிருமா மோதுனா ரெண்டும் கழிஞ்சிரும். பாக்ஸோட முகம் சுவர்ல இருந்து நாலடி தள்ளி இருந்தா கழியுறது சுமார் 71 ஹெர்ட்ஸ் கிட்ட, அது நம்ம டி கம்பியை சும்மா தட்டுற நோட்டை ஒட்டி வருது! அந்த ஒரு நோட்டு மட்டும் ஏன் அமுங்குதுன்னு தெரியாம புது கம்பி மாத்துனவங்களை எனக்குத் தெரியும். பாக்ஸை சுவரை ஒட்டித் தள்ளிட்டா இந்தக் கழிவு 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிரும், அங்க அவ்ளோ தொந்தரவு இல்ல. பின்பக்கம் போர்ட் இருக்குற பாக்ஸ்னா மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்க, காத்து மூச்சு விடணும்.

ரெண்டு பாக்ஸ் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, பக்கத்துல பக்கத்துல வேணாம், பாக்க அழகா இருந்தாலும். ஸ்பீக்கர் எல்லாம் கிடைமட்டமா வரிசையா இருந்தா மேல் ஸ்வரம் நேரா நிக்கிறவனுக்கு மட்டும் தெளிவா கேக்கும், பக்கவாட்டுல நகர்ந்தா ஒண்ணோட ஒண்ணு கழிஞ்சு மங்கிப் போகும். செங்குத்தா அடுக்குனா மேடைல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியும், அதோட மேல இருக்குற பாக்ஸ் தானா காது உயரத்துக்கு வந்துரும். டூ டென்னையே கூட படுக்க வைக்காம நிமித்தி வச்சுப் பாருங்க.

ரெண்டாவது பாக்ஸ் சேக்குறப்ப ஓம் கணக்கு தெரியாம சொருகக் கூடாது. ஹெட் பின்னாடி மினிமம் 4 ஓம்னு போட்டிருக்கும். 8 ஓம் பாக்ஸ் ரெண்டை இணையா சொருகுனா 4 ஓம் ஆகும், சரி. 4 ஓம் பாக்ஸ் ரெண்டை சொருகுனா 2 ஓம், ஆம்ப் தாங்க முடியாம சூடேறி ப்ரொடெக்ஷன்ல போய் நிக்கும், ப்ரொடெக்ஷன் இல்லாத பழைய ஆம்ப்னா புகை. அதனாலதான் சொல்றேன், முதல் பாக்ஸையே 8 ஓம்ல வாங்குங்க, நாளைக்கு அதே மாடல் இன்னொண்ணு சேத்துக்கலாம். ஒத்த 8 ஓம் பாக்ஸ் மட்டும் சொருகுறப்ப ஆம்ப் முழு பவர் குடுக்காதுன்னு வருத்தப்பட வேணாம், நஷ்டம் ரெண்டு டெசிபல் சொச்சம்தான். ஆனா ரெண்டாவது பாக்ஸ் வந்துச்சுன்னா ஏறுறது 5, 6 டெசிபல், காசுக்கு இதை விட நல்ல வியாபாரம் பேஸ்காரனுக்குக் கிடையாது. வால்வு ஆம்ப் வச்சிருக்கிறவங்க ஸ்பீக்கர் சொருகாம ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும். மல்டிமீட்டர் வச்சு பாக்ஸை அளந்துட்டு 8 ஓம்னு போட்டுட்டு 6தான் காட்டுது, ஏமாத்திட்டான்னு கிளம்பிராதீங்க, மீட்டர் அளக்குறது டிசி ரெசிஸ்டன்ஸ், 8 ஓம் பாக்ஸ் ஆறு கிட்டத்தான் காட்டும்.

வயர்: கிட்டார் லீடும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே மாதிரி பின்னு வச்சு வர்றதுதான் பிரச்சனையே. கிட்டார் லீடுக்குள்ள இருக்குறது மெல்லிசு கம்பி, சுத்தி ஷீல்டு, அதுல ஸ்பீக்கர் கரண்டை ஓட்டுனா சூடாகி உருகும், கச்சேரி நடுவுல ஷார்ட் ஆகும். ஸ்பீக்கருக்கு ரெண்டு கோர் தடிச்ச வயர், எலக்ட்ரிக் கடைல 2.5 ஸ்கொயர்னு கேட்டா குடுப்பாங்க, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கான் மாட்டிக்கோங்க, சொருகித் திருப்புனா டக்குனு ஒரு சத்தத்தோட பூட்டும், யார் கால் தடுக்குனாலும் கழண்டு வராது.

மேடைல செட் பண்றப்ப நான் செய்யுற வரிசை சாதாரணமானதுதான். ப்ளக் பாயிண்ட்ல எர்த் இருக்கான்னு முதல்ல பாக்குறது, திருவிழா ஜெனரேட்டர்னா அதை ரெண்டு தடவை, ஏன்னா எர்த் இல்லாத இடத்துல கம்பியைத் தொட்டுக்கிட்டே கோரஸ் மைக்ல வாயை வச்சா உதட்டுல சுருக்குனு அடிக்கும், சில சமயம் சுருக்கோட நிக்காது. அப்புறம் ஸ்பீக்கர் சொருகி, மாஸ்டர் ஜீரோல வச்சு, ஆன் பண்ணி, நிஜமா வாசிக்கப் போற பலத்துல வாசிச்சு கெயின் ஏத்தி, கிளிப் லைட் எப்பவாச்சும் மினுக்குற இடத்துல நிறுத்திட்டு, ஈக்யூ எல்லாம் நேரா பன்னெண்டு மணிக்கு. பாக்ஸை இடம் மாத்தி மாத்திப் பாத்துட்டுத்தான் ஈக்யூல கை வைக்கிறது. ட்வீட்டர் நாபை பாதிக்கு மேல நான் ஏத்துறதில்ல, ஸ்லாப் வாசிக்கிறவங்களுக்கு அது வேணும், பழைய பாட்டு மெலடி வாசிக்கிறப்ப நகம் உரசுறதும் ஃப்ரெட்ல கம்பி தட்டுறதும்தான் அதுல வெளிய வரும்.

அடுத்து மிக்சர்ல நிக்கிற அண்ணன். இவரோட சண்டை போடாத பேஸ்காரன் இல்ல. "தம்பி, உன் பாக்ஸ்ல இருந்து வர்றதே ஹாலுக்குப் போதும்போல இருக்கு, குறைப்பா, நான் சப்ல ஏத்தி விடுறேன்"ம்பார், "குறைச்சா டிரம்மருக்குக் கேக்க மாட்டேங்குதுண்ணே"ம்போம். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். பாக்ஸை டிரம்மர் பக்கத்துல, அவரோட ஹைஹேட் பக்கம் ஒட்டி, அவர் காதைப் பாத்த மாதிரி வைங்க, வால்யூமைக் கணிசமா குறைச்சாலும் அவருக்குக் கேக்கும். ஹெட்ல டிஐ அவுட் (மிக்சருக்கு நேரா லைன் குடுக்குற ஓட்டை) பக்கத்துல ப்ரீ, போஸ்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், ப்ரீல வச்சு லைன் குடுங்க, அப்ப நீங்க மேடைக்காக ஈக்யூவை என்ன திருப்புனாலும் அவர் மிக்சர்ல மாறாது, அவருக்கும் கோவம் வராது. லைன் குடுத்ததும் ம்ம்ம்னு ஒரு ஹம்மிங் வந்துச்சுன்னா கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அமுக்குங்க, ப்ளக்ல எர்த் பின்னைப் பிடுங்குறது வேணவே வேணாம், அப்படிப் பிடுங்கச் சொல்ற ஆளு ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தர் இருக்கார்.

இப்பெல்லாம் நிறைய பேர் காதுல மானிட்டர் மாட்டிக்கிட்டு பாக்ஸே வேணாம்னு வந்துட்டாங்க. லோடு ஏத்துற வேலை இல்ல, மேடை சுத்தமா இருக்கு, பாடகருக்கு நிம்மதி, எல்லாம் சரிதான். ஆனா நம்ம பக்கம் எல்லா குழுவுலயும் அதுக்கு வசதி கிடையாது, அதோட நீளமா ஒரு நோட்டைப் பிடிச்சு நிக்கிறப்ப தொடைல வந்து மோதுற காத்து காதுக்குள்ள இருக்குற துளியூண்டு ஸ்பீக்கர்ல வராது, அதுக்காகவே நான் டூ டென்னை விடல. இது என் சொந்த விருப்பம்தான்.

பராமரிப்புல பெருசா ஒண்ணும் இல்ல. மழைக்காலம் முன்னாடி ஸ்பீக்கர் ஸ்க்ரூ எல்லாம் எதிரெதிரா மாத்தி மாத்தி லேசா இறுக்கி விடணும், ஒரே பக்கமா முறுக்குனா ஃப்ரேம் வளைஞ்சிரும். சீல் பண்ண பாக்ஸ்ல எங்கயோ உஸ்ஸுனு காத்து போற மாதிரி சத்தம் வந்தா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஃபேனை அணைச்சிட்டு, கூட ஒருத்தரை அடி நோட்டை விடாம வாசிக்கச் சொல்லி, மூலை, கைப்பிடி, ஜாக் பிளேட் ஓரம்னு ஊதுபத்தியை மெதுவா நகத்திக்கிட்டே போங்க. புகை நேரா ஏறிக்கிட்டே இருக்கும், காத்து கசியுற இடத்துல மட்டும் வெடுக் வெடுக்குனு துள்ளும். அங்க ஒரு ஃபோம் டேப் ஒட்டுனா முடிஞ்சுது. பார்ட்டிகிள் போர்டு பாக்ஸ்னா அடிப்பக்க ஓரத்தை அடிக்கடி பாருங்க, ஒரு தடவை ஈரம் இறங்குனா பிஸ்கட் கணக்கா ஊறி உதிரும், ப்ளைவுட்டுக்கு அந்தப் பயம் கம்மி.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க ஒரு டார்ச், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ரெண்டு துண்டு வயர் எடுத்துட்டுப் போங்க. கம்பிவலைக்குள்ள டார்ச் அடிச்சு கோன் ஓரத்துல கிழிசல், ஃபெவிகால் போட்டு ஒட்டுன தடம் இருக்கான்னு பாருங்க. விரல் அஞ்சையும் கோன்ல சமமா வச்சு மெதுவா உள்ள அமுக்கிப் பாத்தா வழுவழுன்னு போகணும், கரகரன்னு உரசுச்சுன்னா காயில் போயிருச்சு. அப்புறம் பேட்டரி பிளஸை ஸ்பீக்கர் பிளஸ்ல, மைனஸை மைனஸ்ல ஒரு நொடி தொட்டு எடுங்க, உள்ள இருக்குற எல்லா கோனும் ஒண்ணா வெளிய வரணும். ஒண்ணு வெளிய வந்து இன்னொண்ணு உள்ள போச்சுன்னா யாரோ ரிப்பேர் பாக்குறப்ப ஒயரை மாத்திச் சொருகியிருக்காங்க, அந்த பாக்ஸ்ல சத்தம் வரும், அடி பேஸ் வராது. வாங்குறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிரலாம், விக்கிறவருக்கு அது தெரியாதுன்னா அதைக் காட்டியே விலையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கேளுங்க.